தோவாளைச் சூளையில் ஒரு காய்ச்சல் மரணம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய தோவாளை வட்டத்தில் செங்கல் சூளைகள் இருக்கின்றன. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் சூளைக்காரர்களுக்கு வெயில் கிடைக்கும் மாதங்கள் குறைவு. மார்கழி கடைசியில் கல் அறுக்கத் தொடங்கி, இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் முடித்துவிடுவார்கள். முன்பெல்லாம் சுற்று வட்டார ஆட்களே இந்த வேலையைச் செய்தார்கள். இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்து குடும்பமாக வந்து, சூளை ஓரத்திலேயே தகரக் கொட்டகையில் தங்குகிறார்கள்.

இந்தப் பகுதியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவராக இருந்த காலத்தில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நிகழ்வுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மனிதர்கள் எதனால் சாகிறார்கள் என்று கேட்டால் செவிலியர், ஆட்டோக்காரர், தேநீர்க் கடைக்காரர் எல்லோரிடமும் ஒரே பட்டியல்தான் இருக்கும்: மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரையால் கெட்ட சிறுநீரகம், புற்றுநோய், இருசக்கர வாகன விபத்து. அந்தப் பட்டியல் பெரும்பாலும் சரி. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே மிஷன் ஆஸ்பத்திரிகளைப் பார்த்த ஊர். குழந்தைகள் குறைவு, முதியவர்கள் அதிகம். தொற்றுநோய்க்குத் தப்பியவர்கள் இரத்தக் கொதிப்பிலும் சர்க்கரையிலும் வந்து நிற்கிறார்கள்.

இந்தியா முழுவதும் இந்த மாற்றம் ஒரே நேரத்தில் நடக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூட்டு நிறுவனங்களும் 2017-ல் வெளியிட்ட மாநில வாரியான நோய்ச்சுமைக் கணக்கின்படி, கேரளம், கோவா, தமிழ்நாடு ஆகியவற்றில் தொற்றா நோய்களின் சுமை தொற்றுநோய்களின் சுமையை 1986-லேயே தாண்டிவிட்டது. பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், ராஜஸ்தான் மாநிலங்கள் அதே கட்டத்தைத் தொட 2010 ஆனது. இடைவெளி 24 ஆண்டுகள். 2016-ல் நாட்டின் மொத்த இறப்பில் தொற்றா நோய்களின் பங்கு ஏறக்குறைய 62 விழுக்காடு என்பது சராசரிதான். அந்தச் சராசரிக்குள் வயிற்றுப்போக்கும் காசநோயும் பச்சிளம் குழந்தை மரணமும் இன்னும் தலை தூக்கி நிற்கும் மாநிலங்களும் இருக்கின்றன, அவற்றைக் கிட்டத்தட்ட மறந்துவிட்ட எங்களைப் போன்றவர்களும் இருக்கிறோம்.

மலேரியாவில் வித்தியாசம் இன்னும் கூர்மை. மக்கள்தொகையில் 4 விழுக்காடுகூட இல்லாத ஒடிசாவில், 2016-ல் நாட்டின் மலேரியா நோயாளிகளில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு பேர் இருந்தார்கள். அதிலும் பெரும்பகுதி மல்கான்கிரி, கோராபுட், ராயகடா, காந்தமால் போன்ற தென் மாவட்டங்களின் மலைக் கிராமங்களில். அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபேரம், ஆளைக் கொல்லும் வகை. தமிழ்நாட்டில் அதிகம் பார்ப்பது வைவாக்ஸ். அது படுத்தும், ஆனால் அபூர்வமாகத்தான் கொல்லும்.

நிகழ்வு: பிப்ரவரி மாதம், காலை

விடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியானை வண்டி சுகாதார நிலைய வாசலில் வந்து நின்றது. பின்புறம் சாக்கு விரித்து ஓர் இளைஞரைப் படுக்க வைத்திருந்தார்கள். வயது 24 என்று பின்னால் தெரிந்தது. நாடித்துடிப்பு இல்லை, கண்மணிகள் விரிந்து நின்றுவிட்டன. ஈ.சி.ஜி.யில் நேர்கோடு. உடம்பில் சூடு இன்னும் போகவில்லை.

கூட வந்த மேஸ்திரி, "நெஞ்சடைப்புதான் டாக்டரே. நேத்து சாயங்காலம் வரைக்கும் நின்னு சோலி பாத்தான். ராத்திரி நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்தான்" என்றார். செவிலியரும் தலையாட்டினார். இந்த வட்டாரத்தில் வாரம் தவறாமல் கேட்கிற கதை அது.

பரிசோதனையில் கண்டவை வேறு மாதிரி இருந்தன. கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தால் உள்பக்கம் வெளிறிக் கிடந்தது. விழி வெண்படலத்தில் மஞ்சள். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் மூன்று விரல் அளவுக்குக் கையில் தட்டியது. மாரடைப்பில் சாகிறவருக்கு மண்ணீரல் வீங்காது. சட்டைப் பையில் பழுப்புக் காகித உறையில் மாத்திரைகள்: பாராசிட்டமால், ஒரு ஆன்டிபயாடிக், வயிற்றுக்கான மாத்திரை. உறையில் மருந்தகத்தின் பெயரோ மருத்துவரின் பெயரோ இல்லை. இடுப்பில் ஊசி போட்ட தழும்பு.

கூட வந்த இன்னொருவர் இறந்தவரின் மைத்துனர். வீட்டில் பேசுவது ஒடிசா மலைக் கிராமங்களின் குயி மொழி, இந்தி கொஞ்சம் வரும். எங்கள் இரவுக் காவலர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாவட்டத்தில் அப்படி ஓர் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. அவரை வைத்துத்தான் கேட்டோம். காய்ச்சல் நான்கு நாளாக இருந்திருக்கிறது. குளிர் நடுக்கம், பிறகு வியர்வை, நடுவில் வேலைக்கும் போயிருக்கிறார். பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போட்டார்கள், இரத்தம் எடுக்கவில்லை. முந்தின நாள் சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போயிருக்கிறது. ராத்திரி ஆள் அடையாளம் தெரியாமல் உளறி, வலிப்பு வந்து, பிறகு மூச்சு வாங்கியிருக்கிறது. மேஸ்திரி பார்த்தது கடைசிக் கால் மணி நேரத்தை மட்டும்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது: கடைசியாக எப்போது ஊருக்குப் போனார்? பொங்கலுக்குப் பிறகு போய்விட்டு, காய்ச்சல் தொடங்குவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு திரும்பியிருக்கிறார். அதற்கு முன் மூன்று ஆண்டுகளாகக் கேரளத்திலும் இங்கேயுமாக வேலை.

கூடவே இன்னொன்றையும் மைத்துனர் சொன்னார். தன் மனைவிக்கும் நேற்றிலிருந்து காய்ச்சல். அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. இறந்தவரோடு சேர்ந்து அதே ரயிலில் வந்தவர்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு அந்தப் பெண்ணை உடனே கொண்டுவரச் சொன்னது. வந்த வண்டியையே திருப்பி அனுப்பினோம். அவர் வந்து சேர்ந்தபோது காய்ச்சல் 103 டிகிரி, பதில் சொல்கிற அளவுக்கு நினைவு இருந்தது. சர்க்கரை 58. ஃபால்சிபேரம் கர்ப்பிணியைத் தொட்டால் இரத்தச் சர்க்கரை சட்டென்று கீழே போகும், எனவே குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கிவிட்டு, கண்ணாடித் தகட்டில் தடவிக் கிருமியைத் தேடும் இரத்தத் தடவலுக்கு எடுத்தோம்.

மஞ்சளும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் குமரி மாவட்டத்தில் எந்த மருத்துவருக்கும் முதலில் வருவது எலிக்காய்ச்சல், அப்புறம் டெங்கு, உண்ணிக்காய்ச்சல். அவற்றுக்கும் இரத்தம் அனுப்பினோம். ஆனால் மாசி வெயிலில், வயலில் இறங்காத சூளைத் தொழிலாளிக்கு எலிக்காய்ச்சலைவிட, அவர் இரண்டு வாரம் முன்பு படுத்து எழுந்த ஊரின் நோய்தான் அருகில் இருந்தது. இறந்தவரின் முகவரி எங்கள் பஞ்சாயத்தில் இருந்தாலும், கொசு கடித்த இடம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி.

ஆய்வக நுட்புநர் வந்து, மலேரியாக் கிருமியைக் காட்டும் ஜே.எஸ்.பி. சாயம் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை. "டாக்டர், ஒரே செல்லுக்குள்ள ரெண்டு வளையம் இருக்கு. படிக்கும்போது ஸ்லைடுல பாத்தது, வேலைல இப்பத்தான் பாக்குறேன்" என்றார். நானும் பார்த்தேன். மெல்லிய வளையங்கள், சில சிவப்பணுக்களில் இரட்டையாக, ஓர் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒன்று. ஃபால்சிபேரத்துக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். கடும் மலேரியாவுக்குப் போடும் ஆர்ட்டிசுனேட் ஊசி எங்களிடம் இல்லை. 108-ல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, வண்டி போய்ச் சேருமுன் தொலைபேசியில் நோயின் பெயரைச் சொல்லிவிட்டோம். அப்படிச் சொல்லாமல் "காய்ச்சல், கர்ப்பிணி" என்று மட்டும் அனுப்பினால், அங்கேயும் எங்கள் மாவட்டத்துப் பட்டியலில் இருந்துதான் தொடங்குவார்கள்.

இரண்டாவது முடிவில்தான் இழுபறி. சூளை முதலாளி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோயிருந்தார். "சாரே, இதைப் போலீஸு, பிரேதப் பரிசோதனைன்னு இழுத்துட்டுப் போவாண்டாம். அட்டாக்குன்னு ஒரு சீட்டு எழுதித் தந்தா, திருவனந்தபுரத்துல இருந்து ஃபிளைட்ல ஏத்தி விட்டுருவேன். செலவு முழுக்க நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மைத்துனருக்கும் உடலை அறுப்பதில் விருப்பமில்லை.

மறுத்தேன். சட்டப்படி, வீட்டில் நடந்த இறப்புக்கான காரணச் சான்று, அதாவது படிவம் 4ஏ, கடைசி நோயின்போது சிகிச்சை தந்த மருத்துவர் எழுத வேண்டியது. நான் உயிரோடு அவரைப் பார்க்கவே இல்லை. உயிரற்ற நிலையில் வந்தவர், காரணம் தெரியவில்லை என்றால் காவல் நிலையத்துக்கு எழுதுவதுதான் முறை. அந்தச் சீட்டு எழுதியிருந்தால் இன்னொன்றும் நடந்திருக்கும். சூளையில் மீதி இருந்த அறுபது பேரை யாரும் பரிசோதிக்கப் போயிருக்க மாட்டார்கள். மாரடைப்பு பரவாது, மலேரியா கொசு வழியாகப் பரவும். மைத்துனரிடம் இதைக் காவலர் மூலம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, மனைவிக்கு வந்ததும் இதேதானா என்பது. ஆமாம் என்றதும் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, அன்று மதியமே சுகாதார ஆய்வாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியரும் சூளைக்குப் போனார்கள். எல்லோரிடமும் இரத்தத் தடவல். மேலும் இருவருக்குத் தொற்று இருந்தது, ஒருவர் சிறுவன். இருவருக்கும் காய்ச்சலே இல்லை. பிறந்ததிலிருந்து மலேரியாவோடு வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு இருக்கும், கிருமியைச் சுமந்தபடி நடமாடுவார்கள். ஊரை விட்டு ஆண்டுக்கணக்கில் விலகி இருந்தால் அந்த எதிர்ப்பு தேயும். மூன்று ஆண்டு வெளியே இருந்துவிட்டுப் போனவர் இறந்ததும், ஊரிலேயே இருந்துவிட்டு வந்தவர்கள் தப்பியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு கடுமையானதற்குக் கர்ப்பம் காரணம்; கர்ப்ப காலத்தில் அந்த எதிர்ப்பு பலவீனமாகிவிடும்.

களிமண் வெட்டிய குழிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழுக்கள் இருந்தன. அந்தப் புழுக்களைத் தின்னும் கம்பூசியா மீன் விட்டு, கொட்டகைகளில் மருந்தடித்து, கொசுவலை கொடுத்தோம். சுற்று வட்டார வீடுகளில் ஒரு மாதம் காய்ச்சல் கண்காணிப்பு நடந்தது. உள்ளூர்க்காரர் யாருக்கும் வரவில்லை.

தொடர்ந்தவை

அந்தப் பெண் மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டார். இரத்தச்சோகைக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. குழந்தை தப்பியது. சூளை முடிந்து ஊருக்குப் போன பிறகு அங்கே பிரசவம் ஆனது. எடை குறைந்த பெண் குழந்தை என்று மைத்துனர் முதலாளியிடம் தொலைபேசியில் சொன்னார், முதலாளி எங்களிடம் சொன்னார்.

பிரேதப் பரிசோதனையில் மூளை வீங்கியிருந்தது, மண்ணீரல் பெருத்துக் கறுத்திருந்தது. இதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை. திசுப் பரிசோதனை முடிவு சில வாரம் கழித்து வந்தது: மூளையின் நுண்குழாய்களில் கிருமி அடைந்த சிவப்பணுக்கள். இறப்புக் காரணம், மூளையைத் தாக்கிய ஃபால்சிபேரம் மலேரியா.

இங்கே கணக்கு சுவாரசியமான ஓர் இடத்துக்கு வருகிறது. நம் நாட்டில் இறப்பைப் பதிவது இறப்பு நடந்த இடத்தில். ஆகவே இந்த மரணம் தமிழ்நாட்டின், கன்னியாகுமரி மாவட்டத்தின் மலேரியா மரணம். கொசு கடித்த மாவட்டத்தின் பதிவேட்டில் அது இல்லை. அந்த ஊரின் பார்வையில், தெற்கே வேலைக்குப் போன ஓர் ஆள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். சீட்டு முதலில் கேட்டபடி எழுதப்பட்டிருந்தால் அந்த மரணம் மாரடைப்புக் கணக்கில் சேர்ந்து, தமிழ்நாட்டின் பெரிய எண்ணை இன்னும் ஒன்று பெரிதாக்கியிருக்கும். ஒரு மாநிலத்தின் முதன்மைக் காரணம் எது என்று கேட்டால் வருகிற பதிலில், அந்த ஊரில் ஏற்கெனவே எது முதன்மை என்று எல்லோரும் நம்புகிறார்களோ அதன் நிழலும் விழுகிறது. வயது 24, காரணம் மாரடைப்பு என்று ஒரு வரி பதிவாகியிருந்தால், இளவயது மாரடைப்பு பெருகுகிறது என்று அதையும் எடுத்துக்காட்டியிருப்பார்கள்.

நாடு தழுவிய அளவில் நிலைமை இதைவிடத் தளர்வு. 2020-ல் பதிவான இறப்புகளில் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தவை 22.5 விழுக்காடு. மீதிப் பேருக்குக் காரணம் வீட்டார் சொன்னது, அல்லது ஒன்றும் இல்லை. சான்று இருக்கும் இடத்திலும் "இதயம், மூச்சு நின்றது" என்று எழுதுகிற பழக்கம் போகவில்லை. எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அது இறந்த விதம், காரணம் ஆகாது. படிவத்தில் முதல் பகுதியின் வரிகள் கீழே இறங்க இறங்க மூலக் காரணத்துக்குப் போக வேண்டும். இவருடைய சான்றில் மேல் வரியில் மூளை மலேரியா, அடுத்த வரியில் ஃபால்சிபேரம் தொற்று. கணக்கில் போய்ச் சேருவது அந்தக் கீழ் வரிதான்.

ஊர் வாரியான காரணத்தைப் பற்றிய நம்பிக்கைகள் எங்கள் மாவட்டத்தில் வேறு திசையிலும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் "மண்ணுதான்" என்பார்கள். மோனசைட் மணலின் கதிர்வீச்சு அங்கே இயல்பை விட அதிகம் என்பது உண்மை. ஆனால் அதே மாதிரி மணல் கொண்ட கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. வாய்ப் புற்றுநோய்க்கும் வெற்றிலை, புகையிலை மெல்லுவதற்கும் உள்ள தொடர்பைத் தென் திருவிதாங்கூர் நோயாளிகளைப் பார்த்து 1933-லேயே எழுதிவிட்டார்கள். அதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. மண்ணைக் குறை சொல்வது சுலபம்.

என்ன மாற்றினோம், என்ன மாறவில்லை

வெளிநோயாளிச் சீட்டில் காய்ச்சல் என்று எழுதியதும், "கடந்த இரண்டு மாதத்தில் எந்த ஊருக்குப் போய் வந்தார்" என்ற வரியை முத்திரையாக அடித்தோம். உள்ளூர்க்காரருக்கும் அதே கேள்விதான். வடக்கே வேலை பார்க்கும் பட்டாளத்துக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், ஆழ்கடலுக்குப் போய் மாதக்கணக்கில் வேறு மாநிலத் துறைமுகங்களில் தங்கும் மீனவர்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். அந்த முத்திரை முதல் சில மாதம் ஒழுங்காக நிரம்பியது. அப்புறம் கூட்டமான நாட்களில் காலியாகவே போகிறது.

சூளை தொடங்கும் மாதத்தில், ஆட்கள் வந்து இறங்கிய வாரத்திலேயே எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை என்று வைத்தோம். இது நன்றாக வேலை செய்கிறது. காரணம் முதலாளிகள். ஒரு மரணத்துக்காகக் காவல் நிலையத்துக்கு நடந்த செலவையும் அலைச்சலையும் பார்த்துவிட்டு, மேஸ்திரிகளே "ஆளு வந்தாச்சு" என்று கூப்பிடுகிறார்கள். அடுத்த பருவத்தில் ஒருவருக்குத் தொற்று தெரிந்தது, மாத்திரையிலேயே முடிந்தது.

மருந்துக் கையிருப்பில் ஆர்ட்டிசுனேட் ஊசி சேர்க்கக் கேட்டோம். வருடத்துக்கு ஒருவருக்குக்கூடத் தேவைப்படாத மருந்து, காலாவதியாகும் என்று முதலில் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. மருந்து ஒதுக்கீடு மாவட்டத்தின் நோய்ப் பட்டியலைப் பார்த்துத்தான் நடக்கிறது, இரத்தக் கொதிப்பு மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தால் அன்றைக்கே இருநூறு பேர் திரும்பிப் போவார்கள். கடைசியில் வட்டாரத்துக்கு ஓர் இடத்தில் சில குப்பிகள் வைத்து, தேவைப்பட்டால் வண்டியில் கொண்டுவருவது என்று முடிவானது. எனக்கு அது போதும்.

தனியார் கிளினிக் விஷயம் தீரவில்லை. காய்ச்சலோடு வருகிற வெளிமாநிலத் தொழிலாளிக்கு இரத்தம் எடுக்காமல் ஊசி போட வேண்டாம் என்று வட்டாரத்து மருத்துவர்களிடம் ஒரு கூட்டத்தில் பேசினோம். வந்தவர்கள் கேட்டார்கள். வர வேண்டியவர்கள் வரவில்லை. தொழிலாளியின் பக்கமும் சிக்கல்தான்: அரசு நிலையத்துக்கு வந்து காத்திருந்தால் அரை நாள் கூலி போகும், கல் எண்ணிக்கைக்குத்தான் சம்பளம். ஆகவே மாலையில் திறக்கும் கிளினிக்தான் அவர்களுக்கு வசதி. சூளைப் பருவத்தில் வாரம் ஒரு மாலை சுகாதார ஆய்வாளர் கொட்டகைக்கே போய்க் காய்ச்சல்காரர்களைப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்தோம். அந்த மனிதர் மாற்றலாகிப் போகும்வரை அது நடந்தது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் எல்லை. ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்தால் திருநெல்வேலி மாவட்டம். அந்தப் பக்கமும் சூளைகள் இருக்கின்றன, ஆட்கள் பருவத்தின் நடுவில் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே மாறுகிறார்கள். எங்கள் பரிசோதனைப் பட்டியல் மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. இரண்டு மாவட்டத்துச் சுகாதார அலுவலர்களுக்கும் எழுதி, ஒரு முறை கூட்டாக முகாம் நடந்தது. அடுத்த பருவத்துக்கும் நடத்தக் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. பதில் வருமுன் ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதால், எங்கள் பக்கத்து மேஸ்திரிகளிடம், அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்து சேர்ந்தாலும் அன்றே சொல்லும்படி எண் கொடுத்து வைத்திருக்கிறோம்.